அரைகுறை என்று பேர் வைத்தவள்

ஓரகத்திகள் இரண்டு பேர் நாற்பத்து நாலு நாள் ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்தார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? ஒரே சமையலறையில் நாலு நாள் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். ஆனால் நடந்தது. அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். சின்னவளுக்கு வீட்டில் வேறொரு பேரும் உண்டு. அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

எழுநூறு கிலோமீட்டர் மலைப்பாதை. முதுகில் ஆளுக்கு ஒரு மூட்டை. கூடாரம் சின்னவள் பையில், அடுப்பும் காஸ் டப்பாவும் பெரியவள் பையில். காலையில் கூடாரத் துணியை உதறி, ஈரத்தோடு சுருட்டி, நேற்றுத் துவைத்து இன்னும் காயாத காலுறையைப் பைக்கு வெளியே ஊக்குக் குத்தித் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். சாயங்காலம் வரை நடை. பாதையோரத்தில் மரத்திலும் பாறையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் குறியைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். ராத்திரிக்கு நூடுல்ஸ். மறுநாளும் நூடுல்ஸ். மூன்றாவது வாரத்தில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தாலே இருவருக்கும் குமட்டியது, ஆனாலும் பாத்திரத்தை வழித்துத்தான் தின்றார்கள்.

இந்த யோசனை சின்னவளுடையது. அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் இந்தப் பாதையின் படம் இருந்தது. ஒரு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் வீட்டில் சொன்னாள். அவள் புருஷன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. "நீயா? பாதி வழியில பஸ் பிடிச்சு வந்து நிப்பே." பெரியவளுக்கு லீவு ஏகத்துக்குச் சேர்ந்திருந்தது. "நான் கூடப் போறேன்" என்றாள். உடனே கொழுந்தனார் முகம் மாறிவிட்டது. "அண்ணி போனா சரி. அண்ணி எதையும் பாதியில விட மாட்டாங்க."

பெரியவள் பேச்சுக்கு எங்கேயும் அப்படி ஒரு மரியாதை. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம். அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு என்றால் டாக்டர்கூட மறுபேச்சுப் பேசமாட்டார். வீட்டிலும் அதே கதைதான்.

சின்னவளின் இன்னொரு பேருக்கு வருவோம். அரைகுறை. பத்தொன்பது வருஷமாக அந்தப் பேர்தான். அவள் புருஷன் போனில்கூட அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறான், பெற்ற மகள்கூட அம்மாவை அப்படிக் கேலி செய்வாள். பேர் வைத்தது வேறு யாருமில்லை, நம் பெரியவள்தான். பெரியவள் மகனுக்கு என்று சின்னவள் பின்னிக்கொண்டு வந்த ஸ்வெட்டருக்கு ஒரு கைதான் இருந்தது. "இன்னொரு கை அடுத்த வாரம்" என்றாள். "சரியான அரைகுறைடி நீ" என்று பெரியவள் சொல்ல, சாப்பாட்டு மேஜையில் இருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். பேர் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முந்தின வருஷம்தான் பெரியவள் ஆறு மாதப் பயிற்சிக்கு வெளியூர் போனாள். அவள் பிள்ளைகள் இரண்டையும் யார் பார்த்துக்கொள்வது? சின்னவள் கணக்காளர் படிப்பை நிறுத்தினாள். இன்னும் இரண்டே பேப்பர் பாக்கி. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இது பெரியவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் பேர் வைத்தாள். வாயில் வந்தது, சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

நடக்க ஆரம்பித்த முதல் நாளே சின்னவள் சொல்லிவிட்டாள். "அக்கா, ஒரு அடி விடாம நடக்கணும். முழுசா ஒண்ணு முடிச்சேன்னு சொல்லிட்டா போதும். அதுக்கப்புறம் எவனும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது." சும்மா வாய்ப் பேச்சில்லை. ஒரு நாள் சின்னவளின் ஷூ பிய்ந்து, சாலைக்கு இறங்கி, ஊருக்குப் பஸ் ஏறிப் போய் ஷூ வாங்கி வந்தார்கள். மறுநாள் காலையில் பஸ் இறங்கின இடத்திலிருந்தே நடக்கலாம் என்றாள் பெரியவள். சின்னவள் கேட்கவில்லை. முந்தின நாள் பாதையை விட்ட மின்கம்பம் வரை திரும்பிப் போய், அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அங்கிருந்துதான் காலை எடுத்து வைத்தாள். "உனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு" என்றாள் பெரியவள். மனசுக்குள் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள்தான் எல்லாம் கெட்டது.

நல்ல மழை. போனை அணைத்துப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிட்டார்கள். மேப் எப்போதும் பெரியவள் கையில்தான். மூடிக்கிடந்த ஒரு மரக்கிடங்குக்குப் பக்கத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. பெரியவளின் கண்ணாடியில் நீராவி.

"அக்கா, இடது பக்கம் ஒரு குறி மாதிரி தெரியுது."

"பேசாம வா. மேப் என் கையில இருக்கு."

வலது பக்கம் போனார்கள். அரை மணி நேரத்தில் பெரியவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாதை வழவழவென்று அகலமாக இருந்தது, லாரிச் சக்கரத் தடம் வேறு. வெள்ளைக் குறி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. திரும்பியிருக்கலாம். திரும்பினால் சின்னவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்காக நம் பெரியவள் மழையில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள், கேளுங்கள்! வழியில் வண்டியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

அன்றைக்குக் கூடாரம் போட வேண்டிய இடத்தில் இருந்த குடிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள். உள்ளே சுவரில் பெரிய மேப் ஒட்டியிருந்தது. உண்மையான பாதை இடது பக்கம் ஏறி, மலைமுகட்டில் ஒரு ஏரியைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பதினாலு கிலோமீட்டர். இவர்கள் வந்தது மரம் ஏற்றுகிற லாரி ரோடு, ஏரிப் பக்கமே போகாமல் குறுக்கே நேராக இங்கே வந்துவிடுகிறது. சொல்லிவிடலாம் என்று பெரியவள் திரும்பினாள். சின்னவள் ஈர ஷூவைக் கழற்றிக்கொண்டே பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம்! கால் பழகிடுச்சு, பாத்தீங்களா?"

"ஆமா" என்றாள் பெரியவள்.

அந்த ஒரு வார்த்தைதான். அதன் பிறகு வாய் திறக்கவே முடியவில்லை. நாலு நாள் கழித்து ஒரு வயதான தம்பதி வழியில் சேர்ந்துகொண்டார்கள். "ஏரியைப் பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?" என்று கிழவர் கேட்டார். சின்னவள் முழித்தாள். "ஒரே மழை, பக்கத்துல நிக்கிறவங்களே தெரியல, ஏரி எங்க தெரியப்போகுது" என்று பெரியவள் முந்திக்கொண்டாள். எவ்வளவு சுளுவாக வந்தது பொய்! அன்று ராத்திரி நூடுல்ஸில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். "உடம்பு சரியில்லையாக்கா?" என்று சின்னவள் தன் பங்குக் கடலையையும் அவள் கையில் கொட்டினாள். அதை வேறு தின்று தொலைக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து தினம் காலையில் "இன்னைக்குச் சொல்லிடணும்" என்று எழுவாள். தினம் ஒரு சாக்கு. இன்று ஏற்றம் அதிகம், இன்று அவள் நல்ல சந்தோஷத்தில் இருக்கிறாள், இன்று ஏற்கனவே கால் வலியில் இருக்கிறாள். இருபத்தோரு நாள் இப்படியே ஓட்டிவிட்டாள்.

கடைசி நாள் காலை. இன்னும் இரண்டு மணி நேர நடைதான் பாக்கி. ஒரு தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெரியவளின் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. சின்னவள் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, துடைத்து, பிளாஸ்திரியை வெட்டி ஒட்ட ஆரம்பித்தாள். நாற்பத்து நாலு நாளும் இதே வேலையை அவள்தான் செய்தாள். முகம் சுளித்ததே இல்லை.

"நீங்க மட்டும் மேப் பாக்கலேன்னா ரெண்டாம் நாளே நான் வழி தவறியிருப்பேன்க்கா. உங்களாலதான் முடிச்சேன்."

பெரியவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கால் அவள் மடியில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள். மரக்கிடங்கு, லாரி ரோடு, சுவரில் இருந்த மேப், கிழவரிடம் சொன்ன பொய், ஒன்று விடாமல்.

சின்னவளின் கை நின்றது. பிறகு பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள். காலுறையையும் மாட்டிவிட்டாள்.

"எவ்வளவு தூரம்?"

"பதினாலு கிலோமீட்டர்."

"இடது பக்கம் குறி இருக்குன்னு சொன்னேன்."

"சொன்னே."

"பேசாம வான்னீங்க."

"ஆமா."

"திட்டணும்னு இருக்குக்கா. திட்டக்கூட வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அங்க போனதும் வீட்டுக்குப் போன் போடுவோம். நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"சொல்றேன். நான்தான் காரணம்னு சொல்றேன். உம்மேல ஒரு சொல் விழ விடமாட்டேன்."

முதல்முறையாகச் சின்னவள் முன்னால் நடந்தாள், பெரியவள் பின்னால்.

பாதை ஒரு கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் முடிந்தது. அங்கே ஒரு கல்தூண் நட்டிருந்தார்கள். நடந்து வந்தவர்கள் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூணுக்கு நாற்பதடி இருக்கும்போது சின்னவள் நின்றுவிட்டாள். போனை எடுத்து, எண்ணை அழுத்தி, சத்தம் வெளியில் கேட்கிற மாதிரி வைத்துப் பெரியவள் கையில் கொடுத்தாள். வீட்டில் எல்லோரும் கூடத்தில்தான் காத்திருந்தார்கள்.

"அரைகுறை! முடிச்சிட்டியா?" அவள் புருஷன் குரல்.

"நான் பேசறேன் தம்பி" என்றாள் பெரியவள். "ஒரு விஷயம் சொல்லணும். நடுவுல பதினாலு கிலோமீட்டர் விட்டுப்போச்சு. வழி தப்பிட்டோம்."

கூடமே அதிரும்படி சிரிப்பு.

"நான் சொல்லல? எங்கயாவது கோட்டை விடுவான்னு சொன்னேனா இல்லையா?"

"தம்பி, கேளுங்க. அவ இல்ல, நான். மேப் என் கையில இருந்துச்சு. அவ சரியான வழியைத்தான் காட்டினா. நான்தான் கேக்கல."

"அண்ணி, விடுங்க. அவளைக் காப்பாத்த நீங்க ஏன் மெனக்கெடறீங்க? உங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?"

"இவ எப்பவுமே இப்படித்தான்டா" என்று பெரியவளின் புருஷன் குறுக்கே வந்தார். "அடுத்தவங்க பழியை எடுத்துத் தன் தலையில போட்டுக்குவா."

"நான் பொய் சொன்னேங்க! தெரிஞ்சே மறைச்சேன். மூணு வாரமா மறைச்சேன்!"

"பெரியம்மா பாவம், அழறாங்க" என்றாள் சின்னவளின் மகள். "அம்மா, பாத்தியா, உன்னால பெரியம்மா அழறாங்க."

"பெரிய மனசு அண்ணி உங்களுக்கு" என்றான் கொழுந்தன்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெரியவளுக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பழகின இதம். அடுத்த கணமே தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு நடந்த பிறகுமா அது இனிக்கிறது? இன்னும் சத்தமாகச் சொன்னாள், மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள், ஆஸ்பத்திரி வேலைமேல் சத்தியம் செய்தாள். சொல்லச் சொல்ல அங்கே அவள் மனசு பெரிதாகிக்கொண்டே போனது.

சின்னவள் கையை நீட்டிப் போனை வாங்கி அணைத்தாள்.

"நான் நேர்ல போய்ச் சொல்றேன்" என்றாள் பெரியவள். "உக்கார வச்சு, மேப்பை விரிச்சுக் காட்டிச் சொல்றேன். எப்படி நம்பாம போறாங்கன்னு பாக்கறேன்."

"வேணாம்க்கா." சின்னவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று பெரியவள் நினைத்தாள். "பேர் வைக்க உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. இப்ப அதை எடுக்க உங்களாலயே முடியல, பாத்தீங்களா?"

பெரியவளின் கையிலிருந்து மேப்பை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். தூண் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அங்கே நின்ற ஆளிடம் மேப்பை விரித்துக் காட்டி, இந்த மரக்கிடங்குப் பக்கம் போக எந்த பஸ் ஏற வேண்டும் என்று கேட்பது பெரியவள் காதில் விழுந்தது.

பெரியவளுக்கு அவளைக் கூப்பிட வாய் வரவில்லை. என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? குதிகால் எரிய எரிய, பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.