நானூற்றில் நின்ற சக்கரம்

ஏகாம்பரத்துக்குத் தன் தொழில்மேல் அபார நம்பிக்கை. டெல்லியில் ஒரு அரசாங்கக் கட்டட அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக போட்டோகிராபர். கட்டட மாடலைப் படமெடுப்பது எப்படி என்று கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

"காமிராவை எறும்பு உசரத்துக்கு இறக்கணும். லென்ஸ் துளையை, அதான் அப்பர்ச்சரை, பதினாறுல வெக்கணும். அப்பத்தான் முன்வாசலும் பின்மாடியும் ஒண்ணா தெளிவா விழும். அட்டை வீடுன்னு ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

அப்பேர்ப்பட்டவர் எடுத்த படங்கள் எண்பத்தொன்றாம் வருஷம் ஆகஸ்டில் கரியாக வந்து சேர்ந்தன. புதிய குவார்ட்டர்ஸ் மாடல், இருபத்துநான்கு பிளாக். சுவர் எது, படிக்கட்டு எது, ஒன்றும் தெரியவில்லை. தலைமை அதிகாரி மாத்தூர் சாப் படங்களை மேசையில் வீசி, "யே க்யா ஹை?", இது என்ன, என்றார்.

ஏகாம்பரத்தின் நாக்கு முந்திக்கொண்டது. செங்கல் கலர்தான் கோளாறு, வெளிச்சத்தையெல்லாம் குடித்துவிட்டது, மாடல் செய்கிறவனுக்கு அது தெரியவில்லை என்று இந்தியில் சரளமாகச் சொன்னார். சொல்லும்போது அவரே அதை நம்பினார்.

மாடல் செய்கிறவன் பச்சைமுத்து, சேலத்துக்காரன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் கட்டும்போது செங்கல் சுமந்தவன். கை வாகைப் பார்த்து யாரோ மாடல் அறைக்கு அழைத்து வந்தார்கள். ஐந்து வருஷமாகத் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் அப்போதுதான் மாத்தூர் சாப் மேசைக்கு வந்திருந்தது. இந்த மாடலுக்கு அவன் கடையில் பெயிண்டே வாங்கவில்லை. நிஜச் செங்கல்லைப் பொடித்து, வேட்டித் துணியில் சலித்து, பசையில் குழைத்துப் பூசியிருந்தான்.

அவன் ஃபைலில் மாத்தூர் சாப் 'வேலை அறிவு போதாது' என்று எழுதினார். நாலு நாளில் மாடல் முழுவதும் வெள்ளையாக வேண்டும் என்றார். பச்சைமுத்து "சரிங்க" என்று தூரிகையை எடுத்தான்.

ஐந்தாம் நாள், இரண்டாவது தடவை படமெடுக்க ஏகாம்பரம் புது பிலிமைப் போட்டார். போட்டுவிட்டு காமிராவின் தலைப்பக்கம் பார்த்தார். பிலிமின் வேகத்தைக் குறிக்கிற சின்னச் சக்கரம் நானூற்றில் நின்றது. பிலிமோ, போன தடவைபோலவே, வெளிச்சம் அதிகம் கேட்கிற நூற்றிருபத்தைந்து. மாடலுக்கு வேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று காமிராவின் வெளிச்ச மீட்டர் போன தடவை சொன்ன பொய்யை, இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நானூறு எப்போது வந்தது? ஆடிக் கிருத்திகைக்கு. யாரிடமும் கேட்காமல் ஆபீஸ் காமிராவை மலை மந்திர் முருகன் கோயிலுக்குத் தூக்கிப்போய், வேகமான பிலிம் போட்டு, காவடிகளை எடுத்தார். சக்கரத்தைத் திருப்பி வைக்க மறந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எதிரே பச்சைமுத்து, நிழல் விழாமலிருக்க வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து நின்றான். அவன் நகக்கண்ணில் இன்னும் செங்கல் பொடி இருந்தது. ஏகாம்பரம் கட்டைவிரலால் சக்கரத்தைத் திருப்பினார்.

படங்கள் பிரமாதம். இனி எல்லா மாடலும் வெள்ளைதான் என்று மாத்தூர் சாப் உத்தரவு போட்டார். பச்சைமுத்து வந்து கும்பிட்டான். "நீங்க சொல்லலீன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க சார்."

அந்தக் கும்பிடுதான் அவரைக் கொன்றது. வீட்டில் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். மூன்று நாள் பொறுத்து, அவனை டீக்கடைக்கு அழைத்துப்போனார்.

"பச்சைமுத்து, தப்பு உன் கலர்ல இல்லப்பா. என் காமிராவுல. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்."

பச்சைமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவன் திட்டுவான் என்று ஏகாம்பரம் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

"இதைச் சாப்கிட்டச் சொல்லுவீங்களா சார்? ஃபைல்ல எழுதினதை அடிச்சிருவாருங்களா?"

சொன்னால், நானூறு ஏன் என்று கேட்பார்கள். மலை மந்திர் வரும். காமிரா பறிபோகும். அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் வாய் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டது.

"பாக்கலாம்" என்றார்.

ஐந்து வருஷமாக அந்த ஆபீஸில் இருக்கிறவனுக்கு அந்தச் சொல் தெரியாதா?

"சரிங்க சார்" என்று எழுந்த பச்சைமுத்து, ஏகாம்பரத்தின் கிளாஸையும் சேர்த்து எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.