மீரா பீவி ஓட்டினால் மட்டும்

வேனை ஜெகபர் சாதிக் ஓட்டினால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. அவர் மனைவி மீரா பீவி ஓட்டினால் ஏறும். வெளியே சொன்னால் ஊரே சிரிக்கும். அதனால் மீரா பீவி கொஞ்ச நாள் வாயைத் திறக்காமல் கவனித்துக்கொண்டே வந்தாள்.

ஜெகபர் செனாய் டவுனில் முப்பது வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். போன நோன்புப் பெருநாளோடு கல்லாவை மகன் சயீதிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய ஜப்பான் டீசல் வேன் ஒன்றை வாங்கினார். உள்ளேயே கட்டில், அடுப்பு, சின்ன ஐஸ்பெட்டி, ஐஸ்பெட்டிக்கென்று தனியாக ஒரு பேட்டரி. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் அந்தப் பேட்டரிக்கும் வண்டியின் பேட்டரிக்கும் மின்சாரம் ஏற்ற வேண்டும். ஊர் சுற்றலாம் என்று யோசனை சொன்னது மீரா பீவி. கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷன் முகத்தை அவள் கல்லாவுக்குப் பின்னால்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். ஏதாவது ஒரு கடற்கரையில் அவரோடு சும்மா உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

முதல் பயணம் கோத்தா திங்கி. காலையில் எழுந்து பார்த்தால் ஐஸ்பெட்டியில் மீன் நாறுகிறது, வண்டி கிளம்பவில்லை. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தவர் தன் காரிலிருந்து வயர் போட்டுக் கிளப்பி விட்டார். பட்டறைக்கார மணியம் பேட்டரியை மாற்றினார். அடுத்தது மெர்சிங் கடற்கரை. அங்கேயும் அதே கதை. மணியம் ஆல்டர்னேட்டரையே மாற்றினார். அதற்கப்புறமும் வண்டி நடுவழியில் படுத்தது. பட்டறையில் மட்டும் எந்தக் குறையும் தெரியாது. மணியம் இன்ஜினை உறும விட்டு மீட்டரைப் பிடிப்பார், முள் நன்றாக ஏறி நிற்கும். சார்ஜ் ஆகாவிட்டால் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு பேட்டரி விளக்கு எரிய வேண்டும். அது ஒரு நாளும் எரிந்ததில்லை. ஆகவே ஆல்டர்னேட்டர் மேல் தப்பே இல்லை என்று இரண்டு ஆண்களும் அடித்துச் சொன்னார்கள்.

சயீத் பொறுமை இழந்துவிட்டான். வண்டியை விற்றுவிடுங்கள் அத்தா என்றவன், கெலாங் பாத்தாவில் டெஸ்மண்ட் என்று ஒருவரையும் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஜெகபர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார். மீரா பீவிக்குத்தான் ஒப்பவில்லை. வண்டி போனால் மனிதர் மறுநாளே கல்லாவில் போய் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் யார் எழுப்புவது?

துணி துவைக்கும் மெஷின் சத்தம் போட்டால்கூடப் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கிற ரகம் அவள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற குட்டி வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கி வந்தாள். பதினான்கு காட்டினால் பேட்டரி ஏறுகிறது, பன்னிரண்டு என்றால் ஏறவில்லை. சனிக்கிழமை காலை, ரெங்கத்தில் இருக்கும் தங்கை ஷப்னத்தைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கணவரைக் கிளப்பினாள்.

அவர் ஓட்டினார். மீட்டரில் பன்னிரண்டு. போகப் போக அதுவும் இறங்கியது. வழியில் நிறுத்தி இடம் மாறிக்கொண்டார்கள். அவள் ஓட்டிய சற்று நேரத்திலேயே பதினான்குக்குத் தாவி அங்கேயே நின்றது. அதே ரோடு, அதே சாமான், ஏர்கான்கூட அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்கே என்னைப் பிடிக்கவில்லை போல என்று ஜெகபர் முனகினார். மீரா பீவிக்கோ உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் மிச்சம் நிற்பது கால் ஒன்றுதான்.

அவர் கால் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா? காலமெல்லாம் கல்யாண வீடுகளுக்குச் சட்டி சட்டியாகச் சால்னா ஏற்றிப் போன கால் அது. இன்ஜின் குரல் உயர்வதற்குள் அடுத்த கியருக்கு மாற்றிவிடுவார், ஒரு குலுக்கல் இருக்காது. அவளோ மணி அடிப்பதற்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் பழகியவள். அவள் ஓட்டினால் இன்ஜின் அலறும்.

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஆளில்லாத நேர் ரோடு வந்தது. வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். அவரை மறுபடி ஓட்டச் சொன்னாள். பன்னிரண்டு. இப்போது ஒரே ஒரு தடவை ஆக்சிலேட்டரை நன்றாக மிதிக்கச் சொன்னாள். அவர் தயங்கினார், இந்த வயசில் என்ன ரேஸ் என்றார்.

"மச்சான், பின்னால சால்னா இல்ல. மிதிங்க."

மிதித்தார். வண்டி உறுமியது. மீட்டர் பதினான்குக்கு ஏறியது. அப்புறம் அவர் நத்தை வேகத்துக்கு வந்த பிறகும் அது இறங்கவே இல்லை. அணைத்துக் கிளப்பினால் மறுபடி பன்னிரண்டு, ஒரு மிதி மிதித்தால் பதினான்கு. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறது, யாராவது உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது. மீரா பீவி சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிச் சிரித்தாள். தங்கை வீட்டை மறந்து வண்டியை நேரே மணியத்தின் பட்டறைக்குத் திருப்பச் சொன்னாள்.

மணியம் முழுவதையும் கேட்டுவிட்டு, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினார். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் வந்தன, பேட்டரி விளக்கைத் தவிர. அலமாக் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த விளக்கையெல்லாம் யார் மாற்றியது என்று கேட்டார். வாங்கின கையோடு தான்தான் மாற்றியதாக ஜெகபர் சொன்னார். பழைய பல்புகள் மஞ்சளடித்துப் போயிருந்ததால் எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிவிட்டாராம்.

"அண்ணே, அந்த லைட்டு சும்மா எச்சரிக்கைக்கு மட்டும் இல்லலா. அது வழியா போற கரண்ட்டுதான் ஆல்டர்னேட்டர எழுப்பி விடுது. எல்இடில அவ்ளோ கரண்ட்டு போவாது. இத தலைகீழா வேற மாட்டியிருக்கீங்க, அதான் எரியவும் இல்ல."

வேகமாகச் சுற்றினால் அது தானாகவே விழித்துக்கொள்ளுமாம். தான் எப்போதும் இன்ஜினை உறும விட்டே சோதித்ததால் பிடிபடாமல் போய்விட்டது என்று மணியம் ஒத்துக்கொண்டார். சுண்டுவிரல் நகம் அளவுப் பழைய பல்பு ஒன்றைத் தேடி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது. இன்ஜின் கிளம்பியதும் அணைந்தது. யாரும் மிதிக்காமலே பதினான்கு.

மீரா பீவிக்குக் கால் தரையில் பாவவில்லை. வண்டி விற்பனைக்கு இல்லை என்று டெஸ்மண்டுக்குச் சொல்லிவிடுங்கள் என்று போனை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார், நம்பரை அழுத்தவில்லை. அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"மீரா, தப்பா எடுத்துக்காத. வண்டி படுத்துக்கிட்டப்பல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு. திரும்பி வந்துறலாம்ல. மத்தியானம் பன்னெண்டு ஆனா கையும் காலும் பரபரங்குது. அந்தக் கடல்ல என்னத்தைப் பாக்குறதுன்னே எனக்குத் தெரியல."

அவளுக்குச் சுருக்கென்றது. வண்டியில் ஒன்று விடாமல் நோண்டிப் பார்த்தவள், இந்த மனிதரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லையே. முப்பது வருஷம் கடைதான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்தான் கடையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் அடங்கிய பிறகு இன்னொரு கேள்வி எழுந்தது. அவருக்குக் கடல் வேண்டாம், சரி. எனக்கு?

போனை அவர் கையிலிருந்து வாங்கி அவளே டெஸ்மண்டைக் கூப்பிட்டாள். வண்டி விற்பதாக இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தெளிவாகச் சொன்னாள். ஜெகபர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

கடை வாசலில் நிறுத்தினாள். மத்தியானக் கூட்டம் ரோடு வரை நின்றது. இறங்கினவர் கதவைப் பிடித்துக்கொண்டு, நீ எங்கே போகிறாய் என்றார். ஷப்னத்தை ஏற்றிக்கொண்டு மெர்சிங் போகப் போவதாகச் சொன்னாள்.

"எப்ப வருவே?"

"கடல் போதும்னு தோணுறப்ப. நீங்க போங்க மச்சான், ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் திரும்பி நடந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போன அந்த வேகத்தை மீரா பீவி பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தக் கடற்கரையிலும் அவர் அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.