நாற்பதாவது மாதிரி

டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள அந்தப் பல்கேரிய ஊரின் ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனை இயந்திரம் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. இரண்டு கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நாற்பது பேர் ரத்தத்தை இரண்டிலும் ஓட்டி எண்களை ஒப்பிட வேண்டும். ஆய்வகத் தலைவர் டாக்டர் கெனோவேவா மனதுக்குள் இடப்பக்கத்து இயந்திரத்தை எப்போதோ வாங்கிவிட்டார். மிச்சமிருந்தது காகிதம்தான்.

அந்தக் காகித வேலை ஸ்லதினாவுடையது. பதினாறு வருடமாக அங்கே பரிசோதகர். முப்பத்தொன்பது மாதிரிகள்தான் தேறின. ஆள் குறைந்தால் ஊழியர் கையிலேயே ரத்தம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். மார்ச் பிறந்ததும் ஊர் வழக்கப்படி மணிக்கட்டில் கட்டிய சிவப்பு வெள்ளைக் கயிற்றைத் தள்ளிவிட்டு, தனக்குத் தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டாள். குழாயில் பெயர் இல்லை, நாற்பது என்ற எண் மட்டும்.

சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின், அந்த ஊர்க் கணக்கில் நூறைத் தாண்டினாலே சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். இடப்பக்கம் எண்பத்தொன்பது காட்டியது, வலப்பக்கம் இருநூற்று அறுபது. மூன்று முறை ஓட்டினாள், மாறவில்லை. இடப்பக்கத்து இயந்திரத்தில் ஊற்றும் பரிசோதனைத் திரவத்தின் பெட்டியிலிருந்த சீட்டைப் பிரித்துப் படித்தாள். கால் நரம்புச் சுருட்டலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் பொய்யாகக் குறையும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற அவள் நான்கு வருடமாக அதைத்தான் விழுங்குகிறாள். ஊரில் பாதிப் பெண்களும் அதைத்தான் விழுங்குகிறார்கள்.

சீட்டை எடுத்துக்கொண்டு கெனோவேவாவிடம் போனாள்.

"நாப்பதாவது ஒத்துப்போகல டாக்டர். இடப்பக்க மெஷின்தான் கொறைச்சுக் காட்டுது. சீட்டுலயே போட்டிருக்கு."

கெனோவேவா சீட்டைத் தொடக்கூட இல்லை. "நாப்பதுல ஒண்ணு தப்பினா அடிச்சிட்டுப் போ. இதுக்கு ஒரு ஊர்வலமா?"

"அது என் ரத்தம், டாக்டர்."

கெனோவேவா காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்லதினாவுக்கு நம்பிக்கைகூட வந்தது, பாவம்.

"அப்ப நீயே சொல்லு. வலப்பக்கம் சொல்றது நெஜம்னா, நாளைக்கு டயாலிசிஸ்ல கெடக்கப்போறவளுக்கு நான் ஏன் புது மெஷின்ல பயிற்சி குடுத்து வேலைல வெச்சுக்கணும்? உன் பக்கத்து மேசை மிலேனா இருக்கா, சின்ன வயசு, கால் வலின்னு மொனகமாட்டா. இடப்பக்கம் சொல்றது நெஜம்னா, நீ குத்துக்கல்லாட்டம் இருக்கே. உனக்கு எது வேணும்?"

பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

அந்த ஊரில் வேறு ஆய்வகம் இல்லை. ஸ்லதினா அளவுகோல் வைத்து நாற்பதாவது வரியை அடித்தாள். காரணம் என்ற இடத்தில், மாதிரி கெட்டுவிட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதினாள்.

இடப்பக்கத்து இயந்திரம் வந்தது. கெனோவேவா எல்லோருக்கும் சாக்லேட் பெட்டியை நீட்டினார், ஸ்லதினாவும் ஒன்று எடுத்துக்கொண்டாள். இப்போது கால் வீங்கிய பெண்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நல்ல நல்ல எண்ணாக அச்சடித்துக் கொடுக்கிறாள். மாதம் ஒருமுறை தன் ரத்தத்தையும் ஓட்டிப் பார்க்கிறாள். எண்பத்தேழு, தொண்ணூறு. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கிறது, செருப்பு காலில் நுழைவதில்லை. பரிசோதிக்கும் நாளில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ள மட்டும் அவள் மறப்பதே இல்லை.