சார்ஜ் மட்டும் போடுங்க

மூடியைத் திறந்ததுமே அவனுக்கு வயிறு எரிந்தது. உள்ளே அவ்வளவு சுத்தம். குப்புறக் கிடந்த ஸ்கேட்போர்டின் வயிற்றுக்குள் பேட்டரி செல்கள் ஒரே மட்டத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நிக்கல் பட்டைகளில் வெல்டிங் புள்ளிகள் எதுவும் கருகவில்லை, எதுவும் கோணவில்லை. டேப் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிந்திருந்தது. கம்பிகளை இதைச் சரிபண்ணிய ஆள் நூலால் கட்டியிருந்தான். நூல்! பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கினால் ஓடுகிற அதிர்வில் நாளாவட்டத்தில் அது செல்லின் தோலை அறுக்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறான். இத்தனை வருடமாக பேட்டரி கட்டிப் பிழைக்கிற தனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை. எரிச்சலில் பெரிய எரிச்சல் அதுதான்.

அவன் தொழில் மின்சார சைக்கிள்களுக்கு பேட்டரி கட்டித் தருவது. செத்த செல்லைக் கண்டுபிடிப்பான், மாற்றுவான், பெட்டியில் அடைத்துக் கொடுப்பான். அவன் கட்டிய பேட்டரி திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். மனைவிக்குப் பல் செட் செய்கிற லேபில் வேலை. ரயிலை விட்டு இறங்கினால் லேப் வரைக்கும் தண்டவாளத்துச் சுவரை ஒட்டி நீளமான ஒரு சாலை, பஸ் கிடையாது. நடந்து நடந்து அலுத்துப்போய் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இந்த ஸ்கேட்போர்டை வாங்கி வந்து நின்றாள். மோட்டார் வைத்தது, கையில் ஒரு குட்டி ரிமோட். அவனுடைய அக்கா பார்த்துவிட்டு, "கழுதை வயசாகுது, கையைக் காலை உடைச்சுக்கப் போறா" என்றாள். உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த மறுநாளே திரும்பவும் ஏறினாள். இப்போது முழங்காலை லேசாக மடக்கி, பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு போகிற அழகைப் பார்த்து, தெருவில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். வண்டி என்றுதான் அதைச் சொல்வாள். வீட்டில் அவளுக்கென்றே இருந்த ஒரே பொருள் அது.

அதைச் செய்த கம்பெனி போன வருடம் ஊற்றி மூடிக்கொண்டது. உதவி கேட்டு அனுப்பிய மெயில் போன வேகத்தில் திரும்பி வந்தது. போனில் இருந்த அவர்களுடைய ஆப் முதலில் வட்டமிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது, பிறகு திறப்பதையே நிறுத்திவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து பேட்டரியும் மக்கர் பண்ணியது. பாதி சார்ஜ் இருப்பதாகக் காட்டும், சின்ன மேட்டில் ஏறும்போது பொட்டென்று நின்றுவிடும். விற்கிற கடைக்காரன் புதிதாக ஒன்று வாங்கச் சொன்னான். பழுது பார்க்கிறவன், கம்பெனி இல்லாத சாமானைத் தொடுவதில்லை என்று கும்பிடு போட்டான். வீட்டிலேயே ஒரு பேட்டரிக்காரன் இருக்கும்போது ஊரெல்லாம் அலைவானேன் என்று அவள் அதை அவன் கடையில் கொண்டுவந்து வைத்தாள்.

"பார்க்கலாம்" என்றான். ஒரு தடவை மீட்டரை வைத்துப் பார்க்கவும் செய்தான். ஒரு ஜோடி செல் தொய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் காசு கொடுக்கிறவர்களின் பேட்டரிகள் வரிசையில் நின்றன. ஸ்கேட்போர்டு மேசைக்கு அடியில் போயிற்று. அதன் மேல் ஒரு அட்டைப்பெட்டி ஏறியது, பெட்டியின் மேல் இன்னொன்று. அவள் கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்றவன், கடைசியில், "அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கோயேன்" என்றான். கொஞ்ச நாள் கழித்து அட்டைப்பெட்டிகள் தரையில் இருந்தன, ஸ்கேட்போர்டைக் காணோம்.

அடுத்த வாரம் அவள் லேபிலிருந்து ரயிலே ஏறாமல் வீடு வரைக்கும் அதிலேயே வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிவந்து, தலைமுடி காற்றில் கலைந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

"யாரு பண்ணிக் குடுத்தது?"

"தவளை அண்ணா."

இதே ஸ்கேட்போர்டை வாங்கிவிட்டு நடுத்தெருவில் நிற்பவர்கள் எல்லாரும் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். கைவிடப்பட்டோர் சங்கம் என்று பெயர். அதில் தவளைப் படம் போட்டிருந்த ஒருவன் பேட்டரி விஷயத்தில் கெட்டிக்காரன். கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், செல்களை மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

"யாரு எவருன்னு தெரியாத ஆளு, அதுக்குள்ள அண்ணனாயிட்டானா?"

"பின்ன, தவளைன்னா கூப்பிட முடியும்? எனக்கு அண்ணன்னா உங்களுக்கு மச்சான். சந்தோஷப்படுங்க."

அவன் சந்தோஷப்படவில்லை. லேபில் வேலை பார்க்கிற எவனையாவது அழகன் என்று அவள் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். தன் தொப்பை அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் பேட்டரி! வக்கீலின் பெண்டாட்டி அடுத்த வக்கீலிடம் போய் யோசனை கேட்டால் அந்த வக்கீல் கோர்ட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்? சாப்பிடும்போதுகூட தவளை அண்ணாதான். முழுசாக சார்ஜ் ஏற்றி அப்படியே போட்டுவைக்கக் கூடாதாம், தவளை அண்ணா சொன்னார். வெயிலில் நிறுத்தக் கூடாதாம், தவளை அண்ணா சொன்னார்.

"இதையேதானே நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்?"

"நீங்க சொன்னா திட்டுற மாதிரி இருக்கும். அவரு சொன்னா சொல்ற மாதிரி இருக்கு."

அன்றைக்கு அவன் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். அவள் கவனிக்கவில்லை என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

நாளைக் காலையில் சங்கத்தார் எல்லாரும் கூடி ஏரிக்கரைச் சாலையில் ஒன்றாக ஓட்டப் போகிறார்கள். ஒரு மாதமாக அவளுக்கு இதே பேச்சு. தன்னைப் போலவே கைவிடப்பட்டவர்களை அவள் முதன்முதலாகக் கூட்டமாகப் பார்க்கப் போகிறாள். இன்று வேலைக்குப் போகும் வழியில் வண்டியைக் கடையில் வைத்துவிட்டு, "சார்ஜ் மட்டும் போடுங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள். படியிறங்கியவள் திரும்பிப் பார்த்து, "சாயங்காலம் தவளை அண்ணாவைக் கூட்டிட்டு வரேன். உங்களைப் பார்க்கணுமாம்" என்றும் சொன்னாள்.

வரட்டும். வருகிற ஆளிடம் சொல்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டாமா? பெரிதாக வேண்டாம், சின்னதாக ஒரு குறை. அதற்காகத்தான் மூடியைத் திறந்தான்.

மீட்டரை எடுத்து ஒவ்வொரு ஜோடியாக அளந்தான். எல்லாம் ஒரே அளவு. பட்டைகளை நகத்தால் நெம்பிப் பார்த்தான், அசையவில்லை. கம்பிகளை இழுத்துப் பார்த்தான். முகர்ந்துகூடப் பார்த்தான். பெண் வீட்டில் குற்றம் தேடுகிற சம்பந்தி மாதிரி லென்ஸை மாட்டிக்கொண்டு மூலை மூலையாகப் போனபோது, ஓரத்தில் அது கிடைத்தது. செல்களைக் காவல் காக்கிற சின்ன சர்க்யூட் ஒன்று எல்லா பேட்டரியிலும் உண்டு. செல்களிலிருந்து மெல்லிய கம்பிகள் வந்து ஒரு பிளக்காக அதில் சொருகும். அந்த பிளக்கின் தலையில் பசையை உருக்கி ஊற்றி, மேடு தட்டிப்போகும்படி அப்பியிருந்தான் தவளை. இத்தனை சுத்தத்துக்கு நடுவே மூக்கு ஒழுகின மாதிரி ஒரு கட்டி.

"சிக்கினடா மச்சான்" என்று வாய்விட்டே சொன்னான்.

சாயங்காலம் சொல்ல வேண்டிய வாக்கியம்கூட அப்போதே தயாராகிவிட்டது. எல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க, பிளக்குல மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க போல. அவள் பக்கத்தில் நிற்கும்போது சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் போதாது, சரியாகச் செய்தும் காட்ட வேண்டும். பசையின் மேல் சொட்டுச் சொட்டாக ஸ்பிரிட் விட்டான். இடுக்கியால் ஓரத்தைக் கிளப்பினான். கட்டி அப்படியே உரிந்து வந்தது. பாட்டுக்கூட வந்தது அவனுக்கு. சைக்கிள் பேட்டரியில் கை வைத்தால் முதல் வேலை இந்த பிளக்கைப் பிடுங்குவதுதான். எங்காவது கம்பி உரசி சர்க்யூட் போய்விடக் கூடாது என்பதற்காக. கையில் ஊறிப்போன பழக்கம். மனம் யோசிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பிடுங்கினான், துடைத்தான், திரும்பச் சொருகினான், பட்டனை அழுத்தினான்.

சிவப்பு விளக்கு ஒன்று அவசரமாகக் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. அழுத்தினான். அணைந்தது. சார்ஜரை மாட்டினான், சார்ஜர் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இருந்தது. செல்களை அளந்தான், கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சில சாமான்களில் காவல் சர்க்யூட்டுக்குப் போகிற மின்சாரம் ஒரு நொடி நின்றாலும், யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்து அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். லேப்டாப் பேட்டரியில் அவனே பார்த்திருக்கிறான். பூட்டைத் திறக்கிற சாவி கம்பெனியின் ஆப்பில் இருக்கும். கம்பெனியே இல்லை. செல் மாற்றும்போது தவளை வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து அதைச் சாகாமல் பார்த்திருக்கிறான். பிறகு எந்தக் காலத்திலும் எந்த மடையனும் பிடுங்கிவிடக் கூடாது என்றுதான் பசையை அப்பியிருக்கிறான்.

பிளக்கை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்துக்கொண்டு அவன் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானோ, படியில் அவளுடைய சிரிப்பு கேட்டது. மூடியை எடுத்து மூடக்கூட நேரமில்லை.

தவளை என்பவன் நீளமுடியும் கிழிந்த பேண்டுமாக ஒரு வாலிபனாக இருப்பான் என்று இவன் நினைத்திருந்தான். வந்தவருக்கு இவன் வயதுதான் இருக்கும். முன்னந்தலை வழுக்கை, இஸ்திரி போட்ட சட்டை. காது கேளாதவர்களுக்கு மெஷின் பொருத்துகிற வேலை என்று அவள் அறிமுகம் செய்தாள். தொப்பைகூட இருந்தது. அதில் கிடைத்த ஆறுதல் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை.

"உங்க வேலையைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசைங்க" என்றார் அவர். "வண்டி குடுக்க வந்த அன்னிக்கே சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் கைபட்டா பேட்டரி பத்து வருஷம் கேக்கும், அவருக்கு நேரந்தான் இல்லை, அதான் உங்ககிட்ட வந்தேன்னு."

இந்த வார்த்தையை அவள் இவனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இவன் அவளைப் பார்த்தான். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இது தொறந்திருக்கு?"

தவளை குனிந்து பார்த்தார். உரிந்து கிடந்த பசையைப் பார்த்தார், ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். நிமிரும்போது, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அந்த முகத்திலேயே இவனுக்குத் தெரிந்தது.

"லாக் ஆயிடுச்சு போலிருக்கும்மா. என் வேலையிலதான் ஏதோ குறை இருந்திருக்கும். நான்தான் சரியாப் பார்க்கலை."

இத்தனை நாளாக இவன் எந்த வார்த்தைக்காக ஏங்கினானோ அதே வார்த்தை. அந்த ஆளின் வாயாலேயே, அவள் முன்னாலேயே, கேட்காமலே வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். தலையை அசைக்கத்தான் பார்த்தான். இதிலும் அந்த மனுஷன் தன்னைவிட ஒரு படி மேலே போய் நிற்கிறானே என்று நினைத்ததும் கழுத்து மறுத்துவிட்டது.

"அவரு பண்ணலை. பிளக்கைப் புடுங்கினது நான்."

"எதுக்கு?" என்றாள் அவள்.

செல் தொய்வு, கம்பி உரசல், பிளக் ஆட்டம் என்று அவனிடம் நூறு பதில் உண்டு. வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்கள்.

"ஒரு குறையும் இல்லை" என்றான். "அதான்."

பிறகு தவளைதான் மெதுவாக, வழி இல்லாமல் இல்லை என்றார். இந்த சர்க்யூட்டையே தூக்கிவிட்டு வேறு போடலாம், மோட்டாரை ஓட்டுகிற பெட்டியையும் மாற்ற வேண்டிவரும், பழைய ரிமோட் சேராது, விளக்கு எரியாது, சாமான் வந்து சேர வாரக்கணக்காகும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் செய்துவிடலாம் என்றார். நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை. நாளைக்கு என்று யாருமே சொல்லவில்லை.

"மூடிக் குடுங்க" என்றாள்.

"ஓடாதும்மா" என்றார் தவளை.

"தெரியும். மூடிக் குடுங்க."

அவன் மூடியைப் பொருத்தினான். திருகாணி புரி பிடிக்காமல் வழுக்கியது. தவளை மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒரே மூடியின் மேல் நாலு கைகள். எல்லாத் திருகாணியும் ஏறி முடிகிற வரைக்கும் அவள் வாசற்படியில் தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

வண்டியை வாங்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்தாள். ரிமோட்டைப் பையில் போட்டாள். ஒரு காலை மேலே வைத்து, இன்னொரு காலால் தரையை உதைத்தாள். செத்த மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுக்க, அது கர்ரென்று முனகிக்கொண்டு ஓரடி நகர்ந்து நின்றது. திரும்ப உதைத்தாள். திரும்ப ஓரடி. இரண்டு ஆண்களும் வாசலில் தோளோடு தோள் இடிக்க நின்று பார்த்தார்கள். கூப்பிடலாமா என்று ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. மருந்துக்கடையைத் தாண்டியதும் தெரு கொஞ்சம் இறக்கம். அங்கே முனகல் குறைந்தது. அவள் உதைத்த காலையும் மேலே தூக்கி வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு போனாள்.