வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றவள்

உலைக்காரன் எடுத்த கலர்ப் படங்களில் பூக்காலம் முடிந்ததும் பூ உதிர்ந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படங்களில் உதிராது. இரும்பு வார்க்கும் ஆலையின் குடியிருப்பில், குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது போல இதுவும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல் வருடம் மட்டும் கொஞ்சம் பேச்சாக இருந்தது. கடைசி வரிசையின் கடைசி வீட்டில், சுவரில் மாட்டியிருந்த படத்துக்குக் கீழே ரோஸ் நிற இதழ்கள் கிடப்பதை உலைக்காரனின் மனைவி காலையில் பார்த்தாள். ஜன்னல் வழியாக வந்திருக்கும் என்று பெருக்கித் தள்ளினாள். மறுநாளும் கிடந்தன. அதற்கு மறுநாள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். பாதிக் கிளை மொட்டையாக இருந்தது. “வெளியில ஒரு மரம், உள்ள ஒரு மரம். ரெண்டுக்கும் நானேதான் பெருக்கணுமா?” என்று கேட்டாள். அதற்குமேல் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கோடையில் படத்து மரம் இலை விட்டது, மழைக்கு அடர்ந்தது, குளிருக்குக் கொட்டியது, வெளியிலிருந்த மரம் பூத்த அதே காலையில் தானும் பூத்தது. ஆலை மேலாளர் ஒரு கலர்ப் படம் வாங்கித் தன் அறையில் மாட்டினார். பெருக்குகிற அம்மா ஒரு பூக்காலம் பொறுத்துவிட்டு, இதெல்லாம் தன் வேலையில் சேராது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அலுவலகத்துக்குக் கறுப்பு வெள்ளை மட்டும்தான் போனது.

மரம் குடியிருப்பின் பின்னால், உடைந்த வார்ப்பு அச்சுப் பெட்டிகளைக் கொட்டும் மேட்டில் நின்றது. யாரும் நட்டதில்லை. குளிர் விட்டதும் இலைக்கு முன்னால் பூ வரும். உலைக்காரன் அதை எப்போதும் எதிர் வெயிலில்தான் எடுத்தான். பொழுது சாயும் நேரத்தில் சூரியனை மரத்துக்குப் பின்னால் விட்டு, தான் இந்தப் பக்கம் குந்திக்கொள்வான். அப்போது ஒவ்வொரு இதழும் உள்ளே விளக்கு வைத்தது போல இருக்கும், நரம்பு நரம்பாகத் தெரியும். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உலை வாசலில் நிற்கிறவனுக்கு வெளிச்சம் என்றால் எதிரேயிருந்து வருவதுதான். அங்கே மனிதர்கள் எல்லோரும் கறுப்பாக, ஓரத்தில் மட்டும் ஒரு நெருப்புக் கோடு ஓட நடமாடுவார்கள். தோளையும் காதையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அங்கே கிடையாது. அவன் பதினாறு வயதில் அந்த வாசலுக்குப் போனவன்.

கேமரா, ஸ்டுடியோக்காரர் புதுசு வாங்கியபோது தள்ளிவிட்ட பழசு. ஒன்றே ஒன்று. அதில் கலர் ரோலைப் போட்டால் அது முடிகிறவரை கலர், கறுப்பு வெள்ளையைப் போட்டால் அது முடிகிறவரை கறுப்பு வெள்ளை. எதிர் வெயிலில் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. வெயில் நேராகக் கேமராக் கண்ணாடிக்குள் விழுந்தால் படம் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். யாராவது ஓரமாக நின்று கையால் மறைக்க வேண்டும். அந்த யாராவது அவன் மனைவி. ஆலையில் வார்ப்பு மணல் சலிக்கிறவள். சல்லடை பிடித்துப் பிடித்து அகன்ற கை. விரித்துப் பிடித்தால் கண்ணாடிக்குள் ஒரு பொட்டு வெயில் வராது. வேலை விட்டுக் குளிக்காமல்கூட வந்து நிற்பாள். “இன்னும் கொஞ்சம் மேல. இடது பக்கம். அசையாத,” என்பான். “நான் அசையல, உங்க மரந்தான் அசையுது,” என்பாள். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டபடியே, “உன் வீட்டுக்காரரு பூவைப் பாக்குற மாதிரி உன்னைப் பாத்திருந்தா இந்நேரம் நாலு புள்ள இருக்கும்,” என்பாள். இருந்தது ஒரு மகள்.

சில படங்களின் ஓரத்தில் மங்கலாக ஒரு விரல் விழுந்துவிடும். ஸ்டுடியோக்காரர் அதைக் கத்தியில் வைத்து வெட்டிவிட்டுக் கொடுப்பார். “விரல் விழுந்திருந்தது, எடுத்துட்டேன்,” என்பார். உலைக்காரன் மனசாரச் சந்தோஷப்படுவான். வெட்டிய துண்டுகளை அவர் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டி நிறைந்ததும் எரித்துவிடுவார். இப்படிப் பல பூக்காலம் போனது. நகரசபைக் கண்காட்சியில் அவனுடைய கறுப்பு வெள்ளைப் பூக்களை மாட்டினார்கள். பூவில் இத்தனை வகை வெள்ளை உண்டா என்று பெரிய மனிதர்கள் கேட்டார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தார்கள், வேறு ஊருக்குப் போனாள். மனைவிக்கு இருமல் வந்தது. மணல் சலிக்கிறவர்களுக்கு அது வருவதுதான் என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

அவளுக்கென்று ஒரு படம் கிடையாது. கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த போட்டோக்காரன் வழி தவறி வேறு கல்யாணத்துக்குப் போய் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தான். மணல் சலிக்கிறவர்கள் தினக்கூலி என்பதால் ஆலை அடையாள அட்டையும் இல்லை, அட்டையில் ஒட்டப் படமும் இல்லை. அப்புறம் வீட்டிலேயே கேமரா வந்துவிட்டது. வீட்டில் இருக்கிற கேமராவில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்தானே.

ஒரு பூக்காலத்தில் அவளே வாய்விட்டுக் கேட்டாள். அன்று நீலச் சட்டை போட்டிருந்தாள். “ஏங்க, இத்தனை வருஷமா மறைப்புக் கட்டை மாதிரி நின்னாச்சு. ஒரு தடவை மரத்தடியில நிக்கட்டுமா?”

கேமராவில் கலர் ரோல் இருந்தது. கடைசியாக ஒரு படம் மிச்சம். அதை முடித்தால்தான் கண்காட்சிக்கென்று வைத்திருந்த கறுப்பு வெள்ளையைப் போட முடியும். வெயிலோ இறங்கிக்கொண்டிருந்தது.

“நில்லு. ரோல்ல ஒண்ணு மிச்சமிருக்கு, உன்னை எடுத்து முடிச்சிர்றேன்.”

“கறுப்பு வெள்ளையில எடுத்தா உதிராம இருப்பேனே.”

“அது பூவுக்கு வேணும். அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்.”

அவள் மரத்தடிக்குப் போனாள். போய் நின்றுகொண்டு, “நீங்க அந்தப் பக்கமா வந்து எடுக்கறீங்களா? திரும்பி நிக்கிறேன், மூஞ்சியில வெளிச்சம் விழுமே,” என்றாள்.

“அங்கருந்து எடுத்தா பூ செத்த மாதிரி தெரியும். அப்படியே நில்லு.”

“அது சரி. பூ நல்லா விழுந்தா போதும், நான் எப்படி விழுந்தா என்ன,” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே அழுத்திவிட்டான். அளவெல்லாம் பூவுக்கு வைத்த அளவு. கையால் மறைக்க ஆள் இல்லாததால் ஒரு மூலையில் வெயில் புகுந்திருந்தது. மற்றபடி படம் நன்றாகவே வந்தது. மரம் முழுக்க எரிகிற பூ. அதன் அடியில் கறுப்பாக ஒரு பெண். முடியைச் சுற்றி ஒரு தங்கக் கோடு, தோளோரத்தில் கோடு போல் கொஞ்சம் நீலம், வெயில் ஊடுருவி இதழ் போலச் சிவந்திருந்த ஒரு காது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு. அவன் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. உலை வாசலில் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள். அவள் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “காது நல்லா விழுந்திருக்கு,” என்று சொல்லி, மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தானே ஆணி அடித்து மாட்டினாள்.

பூக்காலம் முடிந்து படத்தில் பூ உதிர்ந்தபோது அவளும் படத்திலிருந்து உதிர்ந்தாள். முதலில் சட்டை நீலம் போனது, பிறகு முடியைச் சுற்றியிருந்த தங்கம், கடைசியாகக் காது. ஒரு காலையில் மொட்டை மரம் மட்டும் நின்றது. அவள் கீழே கிடந்ததைப் பெருக்கிக்கொண்டே, “நானும் போயிட்டேன் பாருங்க. இனி அடுத்த வருஷந்தான்,” என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. அடுத்த குளிரில் அந்த இருமலே அவளைக் கொண்டுபோனது. ஆலை அன்றைக்கு அரை நாள் மணல் சலிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மகள் அம்மாவின் படத்தைக் கேட்டாள். அவன் சுவரைக் காட்டினான். மகள் மொட்டை மரத்தைப் பார்த்தாள். “அப்பா, ஊருல இருக்கற பூவையெல்லாம் எடுத்தீங்களே. அம்மாவ நேரா நிக்கவச்சு ஒண்ணே ஒண்ணு எடுத்தா கையா ஒடிஞ்சிரும்?” என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகக் கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். அவனுக்கு அந்த வருடம் முழுக்கக் காதில் அதுதான்.

அந்தக் குளிர் விட்டதும் மரம் பூத்தது. அதே காலையில் படமும் பூத்தது, அடியில் அவள் நின்றாள். உலைக்காரன் வேலைக்குத் தாமதமாகப் போனான். சாயங்காலம் படத்தைத் துணியில் சுற்றி ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் தேடியெடுத்து, முகம் தெரியும்படி வெளுப்பாகப் போட்டுப் பார்த்தார். பூவெல்லாம் வெந்த சுண்ணாம்பாகிவிட்டது, முகம் மட்டும் இருட்டாகவே இருந்தது. “நெகட்டிவ்லயே இல்லப்பா. இல்லாததை நான் எங்கருந்து கொண்டு வரட்டும்?” என்றார். அப்படியானால் இருப்பதாவது உதிராமல் இருக்கட்டும் என்று, படத்தையே கறுப்பு வெள்ளை ரோலில் படம் எடுக்கச் சொன்னான். அதையும் செய்தார். அதில் பூ வந்தது, உதிராத பூ. நீலமும் காதின் சிவப்பும் போனதும் அவளும் அடிமரமும் ஒரே கறுப்பாகிவிட்டார்கள். எது மரம், எது மனைவி என்று கட்டியவனுக்கே தெரியவில்லை. வெட்டிய விரல் துண்டுகள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். பெட்டியை எரித்து ரொம்ப நாள் ஆயிற்று என்றார் ஸ்டுடியோக்காரர். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் ஆலையிலிருந்து பெரிய விளக்கு ஒன்றை வாங்கி வந்து, படத்துக்கு முன்னால் பிடித்தான். இந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தால் முகம் தெரியாமலா போகும். விளக்கை நெருக்கிக் கொண்டுபோனபோது படத்துக்குள் இருந்தவள் கையைத் தூக்கி, விரித்து, முகத்துக்கு முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். அகன்ற கை. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகவில்லை. அவன் விளக்கை அணைத்தான். கை மெல்ல இறங்கியது. “கண்ணு கூசுதா,” என்று கேட்டான். மறுநாள் விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்புறம் அதை முயன்றதில்லை.

பிறகு அவன் படம் எடுக்கவும் இல்லை. எடுத்திருந்தாலும் மறைக்கக் கை கிடையாது. சில வருடங்களில் ஆலை சுற்றுச்சுவரைத் தள்ளிக் கட்டியபோது மேட்டு மரத்தை வெட்டினார்கள். சுவரில் மாட்டிய மரம் அது தெரியாததுபோல, குளிர் விட்டதும் பூத்துக்கொண்டிருந்தது. மகள் அந்த நாட்களைக் கணக்குப் பார்த்து வருவாள். வந்து, படத்துக்கு எதிரே உட்கார்ந்து, அம்மாவின் காதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். அப்பாவிடம் பழைய கேள்வியை அவள் மறுபடி கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில் உலைக்காரன் லீவு எடுப்பான். பழைய மேஸ்திரி காரணம் கேட்டதில்லை. புதிதாக வந்தவர் வெளியூர்க்காரர், கேட்டார்.

“என்ன விஷயமா லீவு?”

“வீட்டுக்காரி வந்திருக்கா.”

மேஸ்திரி மற்றவர்களைப் பார்த்தார். மணல் பகுதிக் கிழவர் ஒருவர், “ஆமாங்க, நேத்தே பூத்திருச்சு,” என்றார்.

“எத்தனை நாளைக்கு?”

“காத்து அடிக்கற வரைக்கும்.”

மேஸ்திரி உலைக்கு வேறு ஆளைப் போட்டார். மறுவருடம் அவரும் கேட்கவில்லை.

கலர்ப் படம் வெயில் பட்டால் வெளுக்கும். பொழுது சாயும் நேரத்தில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அந்தச் சுவரில் விழுகிறது. ஆணியை மாற்றி அடிக்கலாம், ஜன்னலுக்குத் துணி கட்டலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள். அந்த நாட்களில் அந்த வழியாகப் போகிறவர்கள் பார்க்கலாம். உலைக்காரன் படத்துக்குப் பக்கத்தில், சட்டத்துக்கு ஓரமாக, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். வலது கையை விரித்து வெயிலுக்குக் குறுக்கே பிடித்திருப்பான். வெயில் இறங்க இறங்கக் கையை இறக்குவான், கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துவான். வெயில் போகிறவரை அசைய மாட்டான்.