ஒன்று வந்தால்

வளவளவென்று பேசும் புரோகிராம்கள் எனக்குப் பிடிக்காது. நான் எழுதியவை வேலை முடிந்தால் திரையில் பூஜ்யம் காட்டும், முடியாவிட்டால் ஒன்று காட்டும். ஏன் முடியவில்லை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். இரண்டாயிரத்து நான்கில், டெல்லியில் லோதி ரோட்டுப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில், இந்தத் திமிரோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

யாருக்கு எந்தக் குவார்ட்டர்ஸ் என்று மாதாமாதம் பட்டியல் போடுவது என் புரோகிராம். மோதி பாக் கிடைக்குமா, சரோஜினி நகர் கிடைக்குமா என்று குடும்பம் குடும்பமாகக் காத்திருப்பார்கள். அதை ஓட்டுபவர் பச்சைமுத்து, விழுப்புரத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். கறுப்புத் திரையில் கமாண்டை அடித்து, வருகிற எண்ணை ரெஜிஸ்டரில் எழுதுவார்.

முதல் தடவை ஒன்று வந்தபோது டிஸ்க் நிரம்பியிருந்தது. ‘ஒன்று வந்தால் பழைய ஃபைல்களை அழித்துவிட்டு மறுபடி ஓட்டவும்’ என்று ஒரு தாளில் எழுதி, ‘இந்திராணி’ என்று கையெழுத்தும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். எங்கள் ஆபீசில் சுவரில் ஒட்டிய தாள்தான் சட்டம்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் லீவு. விண்ணப்ப ஃபைலை மேல்மாடி செக்‌ஷன் அனுப்பவே இல்லை. அதற்கும் என் புரோகிராம் ஒன்றுதான் சொன்னது. பச்சைமுத்து தாளைப் பார்த்தார், அழித்தார், ஓட்டினார். மறுபடி ஒன்று. மறுபடி அழித்தார். இப்படி ஐந்து தடவை. மறுநாள் நான் போனபோது மூன்று வருஷப் பட்டியல்களைக் காணோம்.

பிரிவுத் தலைவர் பாலசுப்ரமணியம் சார் குதித்தார்.

“அச்சா, அந்தாளு கான்ட்ராக்ட் வெள்ளிக்கிழமை முடியறது இல்ல? ரினியூ பண்ண வேண்டாம். மெமோவ நீயே டைப் பண்ணிடும்மா. ஜல்தி.”

பச்சைமுத்து சண்டை போடவில்லை. “நீங்க எழுதுனததான் செஞ்சேன் மேடம். இப்பத்தான் புள்ளைய இங்க ஸ்கூல்ல சேத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

மெமோவை டைப் செய்ய ஆரம்பித்தேன். ‘கவனக்குறைவு காரணமாக’ என்ற இடத்தில் விரல் நின்றது. யாருடைய கவனக்குறைவு? வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவரிலிருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு போய் சாரின் மேஜையில் வைத்தேன்.

“சார், இது என் கையெழுத்து. டிஸ்க் நிரம்பினாலும் ஒண்ணு, ஃபைல் வரலேன்னாலும் ஒண்ணு. எதுக்காக ஒண்ணுன்னு அவர் ஜோசியமா பாப்பார்? மெமோவ எனக்குக் குடுங்க.”

கொடுத்தார், சந்தோஷமாகவே. பச்சைமுத்துவின் கான்ட்ராக்ட் நீண்டது. பேக்கப் டேப்பிலிருந்து பட்டியல்களை மீட்க எங்கள் இருவருக்கும் இரண்டு நாள் பிடித்தது.

பிறகு புரோகிராமைத் திருத்தி, புதுத் தாள் ஒட்டினேன். ஃபைல் வராவிட்டால் இரண்டு, மேல்மாடிக்குப் போய்க் கேட்கவும். டிஸ்க் நிரம்பினால் மூன்று, டேப்பில் ஏற்றிய பிறகே அழிக்கவும். அந்த மாதப் பட்டியல் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் நான்கு, பேசாமல் டீ குடிக்கவும்.

“அப்ப ஒண்ணு என்னாச்சு மேடம்?”

“நான் யோசிக்காத தப்பு எதாவது வந்தா ஒண்ணு. எதையும் தொடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க.”

அக்டோபரில் இரண்டு வந்தது. மேல்மாடிக்குப் போய், ஃபைல் கைக்கு வரும்வரை மனிதர் அங்கிருந்து நகரவில்லையாம்.

டிசம்பரில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு ஸ்வெட்டருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது.

“மேடம், ஒண்ணு வந்திருக்கு.”

“எதையாவது தொட்டீங்களா?”

“இல்ல மேடம். ரெஜிஸ்டர்ல மட்டும் எழுதிட்டேன்.”

“என்னன்னு?”

கொஞ்சம் தயங்கினார். “‘மேடம் தப்பு’ன்னு.”

எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. “எழுதினது அப்படியே இருக்கட்டும், கோடு போட்டு அடிக்காதீங்க” என்று சொல்லி, ஸ்வெட்டரைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.