நான்கு வினாடி அதட்டல்

புதுத் தொழிற்சாலையில் செய்த முதல் நாலாயிரம் பூட்டுகளும் ஒழுங்காகப் பூட்டின, ஒன்றுகூடத் திறக்கவில்லை. சாவி நுழைந்தது, திரும்பியது, பூட்டு மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. முதலாளி நம்பாமல் தன் அறைக் கதவிலேயே ஒன்றை மாட்டி உள்ளிருந்து பூட்டிப் பார்த்தார். தரமான பூட்டு என்பதால் அறுத்து அவரை வெளியே எடுக்க ஒன்றரை நாள் ஆனது.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் ஓர் ஆலோசகர். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் சிக்கனம். பதினோரு ஊர்களின் நிலவிலை, கூலி, மின்கட்டணம், லாரி வாடகை என்று அட்டவணை போட்டு, எல்லாவற்றிலும் மலிவான ஓர் உப்புத்தரையில் விரலை வைத்தார். தொழிற்சாலை அதுவரை இருந்த பழைய தெருவில் அறுபத்திரண்டு பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. அதில் ஒருத்தி பூட்டுகளைச் சோதிக்கும் அக்கா. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு பூட்டையும் காதோடு வைத்து, சாவியைத் திருப்பும் முன், "ம், வாயத் திற" என்று அதட்டுவது அவள் வழக்கம். சிக்கனம் கடிகாரத்தை வைத்து அதையும் அளந்திருந்தார். 'பேச்சு: பூட்டுக்கு நான்கு வினாடி வீண்' என்று எழுதி அடித்துவிட்டார். அங்கேதான் மனிதர் கோட்டைவிட்டார்.

ஸ்பிரிங்கை மாற்றினார்கள், எண்ணெயை மாற்றினார்கள், ஆட்களையே மாற்றினார்கள். கடைசியில் முதலாளி ஒரு பூட்டோடு அக்கா வீட்டுப் படியேறினார். அவள் அதட்டியதும் அது திறந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார். இரட்டைச் சம்பளமும் குடியிருக்க வீடும் தருவதாகச் சொன்னார். அவளோடு சேர்ந்தே வேலை இழந்திருந்த அவள் கணவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நான் மட்டுமா? நாங்க அறுபத்திரண்டு பேரு சார். வேணும்னா நீங்க திரும்பி வாங்க."

"அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணுவ?"

"அது எங்க பாடு. பூட்டுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, அதச் சொல்லுங்க."

அடுத்த ஏழு மாதமும் தெருவில் அரை வயிறுதான். முறை வைத்து ஒரு வீட்டில் சமைத்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அவளிடம் "நீயாவது போய்ப் பொழச்சுக்க" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதை எழுதிவைப்பதில் எனக்குப் பெருமை.

சிக்கனம் மறுபடி அட்டவணை போட்டார். திறக்காத பூட்டுகளின் நட்டத்தையும் சேர்த்தபோது, எல்லாவற்றிலும் மலிவான இடம் பழைய தெரு என்று வந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பழைய தொழிற்சாலையின் வாசலில், யாரும் நுழையக்கூடாதென்று முதலாளி மாட்டிவைத்திருந்ததும் உப்புத்தரைப் பூட்டுதான். திங்கட்கிழமை காலை எல்லோரும் பின்னால் நிற்க, அக்கா அதைக் காதோடு வைத்து, வழக்கத்தைவிட உரக்க அதட்டினாள். வாசல் திறந்தது. கூடவே தெருவிலிருந்த வீடுகள், பெட்டிகள், சைக்கிள்கள், முதலாளியின் கார் எல்லாம் திறந்துகொண்டன. அவரவர் வீட்டுக்குப் போய் மறுபடி பூட்டிவிட்டு வந்ததில் வேலை பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. சிக்கனம் வாசலிலேயே நின்றிருந்தார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.